அத்தை நேர்ந்துவிட்ட என் ராட்டினம்

தண்ணீர்ச் சறுக்கை நான் ராட்டினக் கணக்கில் சேர்ப்பதில்லை. அது குளியல். டிக்கெட் எடுத்து, வரிசையில் நின்று, ஊர்ச்சனத்தோடு சேர்ந்து குளிக்க ஆசைப்படுகிறவர்கள் சுருளி அருவிக்குப் போகலாம், அங்கே தண்ணீராவது ஓடிக்கொண்டிருக்கும். பேய்வீடு, பிளாஸ்டிக் டைனோசர், நாற்காலி ஆடுகிற சினிமா, இவற்றுக்கும் என்னிடம் மதிப்பு கிடையாது. தீம் பார்க் என்று போர்டு வைத்துவிட்டு பாதி இடத்தில் பாப்கார்ன் விற்கிறவர்களைப் பார்த்தால் கோபம் கோபமாக வரும். ராட்டினம் என்றால் ஒரு தடவையாவது வயிறு தூக்க வேண்டும். அதிலும் தண்டவாளத்தில் ஓடுகிற ரோலர் கோஸ்டர் பக்கத்தில் வேறு எதுவும் நிற்க முடியாது.

நான் பழனிசெட்டிபட்டியில் குடியிருக்கிறேன். தேனியில் ஒரு ஏலக்காய்க் கடையில் கணக்கு வேலை. வயது நாற்பதைத் தாண்டிவிட்டது. இவ்வளவையும் மரியாதையாகக் கேட்டுக்கொள்கிறவர்கள், அடுத்து நான் ராட்டினத்தைச் சொன்னதும் சிரிப்பார்கள். எங்கள் கடைக்கு வரும் வியாபாரிகளில் ஒருவர் பந்தயப் புறா வளர்க்கிறார், இன்னொருவர் பழைய பூட்டாகத் தேடித் தேடிச் சேர்க்கிறார். அவர்களைப் பார்த்து யாரும் சிரித்து நான் பார்த்ததில்லை. கல்யாண வயதில் மகளை வைத்துக்கொண்டு ஒருத்தி ராட்டினம் ஏறினால் மட்டும் எல்லோருக்கும் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்துவிடும்.

இந்தக் கிறுக்கு எப்போது பிடித்தது என்று கேட்டால் என் கல்யாணத்தைத்தான் சொல்ல வேண்டும். அதில் மாப்பிள்ளைக்கு எந்தப் பங்கும் இல்லை. மாமியார் வீடு அப்போது மயிலாடும்பாறையில் இருந்தது. கல்யாணம் முடிந்து முதல் தடவை அங்கே போகும்போது மினிபஸ்ஸில் கடைசி சீட்டுதான் கிடைத்தது. ஊர் வருவதற்கு முன்னால் ஒரு தரைப்பாலம். டிரைவர் வேகத்தைக் குறைக்காமல் வண்டியை இறக்கி ஏற்றினார். வயிறு தொண்டைவரை வந்துவிட்டுத் திரும்பிப் போனது. பட்டுச்சேலையும் தலை நிறையக் கனகாம்பரமுமாக இருந்த புதுப்பெண், பஸ்ஸில் இருந்தவர்கள் எல்லாம் திரும்பிப் பார்க்கிற மாதிரி சத்தமாகச் சிரித்துவிட்டேன். முன்சீட்டில் இருந்த அத்தையும் திரும்பிப் பார்த்தார். அத்தை என்றால் என் மாமியார்.

அதன் பிறகு வருசா வருசம் வீரபாண்டி அம்மன் கோயில் சித்திரைத் திருவிழாவில் ஒரு ராட்டினம் விடாமல் ஏறினேன். கொலம்பஸ் கப்பலில் நடுவில் உட்காருகிறவர்களைக் கண்டால் எனக்குப் பரிதாபமாக இருக்கும், அது ஓரத்தில் உட்கார வேண்டிய சாமான். ஜெயன்ட் வீல் போட்டோ எடுக்கத்தான் லாயக்கு. கையில் நாலு காசு சேர்ந்த பிறகு சென்னை, பெங்களூர், எர்ணாகுளம் என்று பார்க் பார்க்காகப் போனோம். மகளுக்கு ஊஞ்சலே ஒத்துக்கொள்ளாது, அவள் வர மாட்டாள். என் வீட்டுக்காரர் வருவார், கீழே நின்று பையை வைத்துக்கொள்வார். கல்யாணம் ஆன நாளிலிருந்து அவரிடம் நான் கண்ட பெரிய குணம் அதுதான்.

தலைகீழாகச் சுற்றுகிற வளையத்தைப் பார்த்து ஊரே வாயைப் பிளக்கிறது. எனக்கு அது பெரிய விசயமில்லை. வளையத்தில் உடம்பு சீட்டோடு அழுந்திக் கிடக்கும், மாவு மூட்டையும் நாமும் ஒன்று. உச்சியிலிருந்து இறங்கிய பிறகு வருகிற சின்னச் சின்ன மேடுகள்தான் சுகம். ஒவ்வொன்றிலும் சீட்டுக்கும் நமக்கும் நடுவில் கொஞ்சம் காற்று வந்து போகும். முன்வரிசைக்கு அடித்துப்பிடித்து ஓடுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை: கடைசிப் பெட்டியில் உட்கார்ந்து பாருங்கள். முன்னால் போனவை பள்ளத்தில் விழுந்து நம்மை இழுக்கும்போதுதான் கோஸ்டர் என்றால் என்னவென்று தெரியும்.

இவ்வளவு ஏன் பேசுகிறேன் என்றால், அது எனக்கு விளையாட்டு இல்லை. கடையில் முதலாளி கேட்டுக்கொண்டே இருப்பார், வீட்டில் கேஸ் வந்துவிட்டதா, மோட்டார் போட்டாச்சா, மாத்திரை எங்கே என்று கேட்டுக்கொண்டே இருப்பார்கள். சங்கிலி டக் டக்கென்று இழுத்துக்கொண்டு மேலே போகும்போது என்னிடம் யாரும் எதுவும் கேட்க முடியாது. அந்தக் கொஞ்ச நேரம் எனக்கே எனக்கு. அதற்காகத்தான் அவ்வளவு தூரம் பஸ் ஏறிப் போனேன்.

மூன்று வருசத்துக்கு முன்னால் என் வீட்டுக்காரர் ஆண்டிபட்டிக் கணவாயில் பைக்கிலிருந்து விழுந்து தொடை எலும்பை முறித்துக்கொண்டார். மதுரையில் ஆபரேஷன் செய்து கம்பி வைத்தார்கள். நடக்க நாளாகும், தாங்கித் தாங்கித்தான் நடக்க வேண்டி வரலாம் என்று டாக்டர் சொன்னார். அத்தை அழவில்லை, தேனிக்குத் திரும்பினார். நான் ஆஸ்பத்திரியில் இருந்தேன். மயிலாடும்பாறையில் நிலத்தைக் குத்தகைக்கு விட்டுவிட்டு, மாமா காலமான பிறகு அவர் எங்களோடுதான் இருந்தார்.

என் வீட்டுக்காரர் கால் நன்றாகவே கூடியது. அடுத்த சித்திரையில் கைத்தடி இல்லாமல் வீரபாண்டிக்கு நடந்து வந்தார். கண்ணீர் வழியக் கும்பிட்டுவிட்டு, அதே கண்ணீரோடு நான் ராட்டினத் திடலுக்குக் கிளம்பினேன். கொலம்பஸ் வரிசைக்குப் போகப் பார்த்தபோது அத்தை என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார்.

“நீ ஏறக் கூடாதுத்தா.”

“ஏன் அத்தை?”

“நேந்திருக்கேன். எம்மவன் எந்திரிச்சு நடந்துட்டா, எம்மருமக இனி ராட்டினமே ஏற மாட்டான்னு ஆத்தாகிட்டச் சொல்லிப்புட்டேன்.”

எங்கள் பக்கம் வேண்டுதல் பலவிதம். அக்கினிச்சட்டி எடுப்பார்கள், மொட்டை போடுவார்கள், துளை துளையாகப் போட்ட ஆயிரம்கண் பானை சுமப்பார்கள். பிடித்த ஒன்றை விட்டுவிடுவதாக நேர்ந்துகொள்கிறவர்களும் உண்டு. ஒருவர் வெற்றிலையை விடுவார், இன்னொருவர் காப்பியை விடுவார். அவரவருக்குப் பிடித்ததைத்தான் விடுவார்கள். மருமகளுக்குப் பிடித்ததை, மருமகளிடம் ஒரு வார்த்தை கேட்காமல் சாமிக்குக் கொடுத்த மாமியாரை நான் அதற்கு முன் கேள்விப்பட்டதில்லை. திடலிலேயே கத்தியிருப்பேன். பக்கத்தில் இவர் இரண்டு காலிலும் நேராக நின்றுகொண்டிருந்தார், அதைப் பார்த்து வாயை மூடிக்கொண்டேன்.

வீட்டுக்கு வந்த பிறகு இவர் எனக்கு வழி சொல்ல ஆரம்பித்தார். ராட்டினம் வேறு, கோஸ்டர் வேறு, அது ரயில் மாதிரி என்றார். அம்மனிடம் வக்கீல் பேச்சுப் பேசாதீர்கள் என்று அதட்டிவிட்டேன். எனக்குச் சாமி மேல் அப்படியொன்றும் பெரிய பக்தி கிடையாது. வேண்டுதலை மீறி ஏறிவிடலாம், யார் கேட்கப் போகிறார்கள்? ஆனால் மறுநாள் இவர் மாடிப்படியில் கால் வைக்கும்போது என் நெஞ்சு என்ன பாடுபடும் என்று எனக்குத் தெரியும். பயம்தான். அதை நம்பிக்கை என்று சொன்னாலும் சரி.

அத்தையோடு சில நாள் நான் முகம் கொடுத்துப் பேசவில்லை. அப்புறம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, சாம்பார் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தபோது பொறுக்க முடியாமல் கேட்டுவிட்டேன்.

“நேந்தவுக போயிச் சொன்னா மாத்திக்கலாமாமே அத்தை. நீங்க போயிச் சொல்லுங்க. நான் மொட்டை போட்டுக்கிறேன்.”

“மொட்டை போட்டா முடி மொளைச்சுரும். உனக்கு அதுல என்ன நட்டம்?”

“அப்ப நீங்க ஏதாச்சும் விடுறேன்னு சொல்லுங்க. அடுத்தவ ஆசையை எடுத்துக் கொடுக்கறதுக்குப் பதிலா, உங்களுக்குப் பிடிச்சதை விட்டிருக்கலாம்ல?”

கோபமாகத்தான் கேட்டேன். அவர் கோபப்படவில்லை. வெங்காயத் தோலை முறத்தின் ஓரத்துக்கு ஒதுக்கிவிட்டு யோசித்துப் பேசினார்.

“அதைத்தான் முதல்ல நெனச்சேன். கோயில்ல நின்னு ரொம்ப நேரம் யோசிச்சேன்த்தா. எதை விடுறது? காப்பி இருந்தாக் குடிப்பேன், இல்லாட்டி இல்லை. வெத்தலை போட்டதில்லை. கறியை விடலாம்னா, எல்லாரும் சாப்பிட்டப்புறம் எனக்குக் குழம்புதான் மிஞ்சும், அதை விட்டா ஒரு விடுதலா? பிடிக்காததைப் பிடிச்சதுன்னு சொல்லிக் கொடுத்தா ஆத்தாளுக்குத் தெரியாதா? எம்மவன் ஆஸ்பத்திரியில படுத்துக் கெடக்கான், எங்கையில ஒண்ணுமில்லை. நம்ம வீட்டுல எதுமேலயாச்சும் உசிரா இருக்கறவ நீ ஒருத்திதான். அதான் உன்னதை எடுத்துக் கொடுத்தேன். இப்பப் போயி மாத்தணும்னாலும் வெறுங்கையோடயா போறது?”

இத்தனை வருசம் ஒரே வீட்டில் இருந்திருக்கிறோம். அத்தைக்கு எந்தக் கலர் சேலை பிடிக்கும் என்று யோசித்துப் பார்த்தேன். நீ எடுக்கறதே போதும்த்தா என்பார். என்ன பலகாரம் வேண்டும்? புள்ளைகளுக்கு எது இஷ்டமோ அது என்பார். நாங்கள் அதை நல்ல குணம் என்று வெளியில் சொல்லிப் பெருமைப்பட்டிருக்கிறோம். என் ராட்டினம் போன கோபம் போகவில்லை, ஆனால் அவர்மேல் அதை வைக்க முடியவில்லை.

போன தை மாதம் எங்கள் தெருப் பெண்கள் சேர்ந்து ஒரு வேன் பிடித்தார்கள். எர்ணாகுளம் பக்கம் ஒரு பார்க், போகிற வழியில் ஒரு பகவதி கோயில். கோயிலுக்காக அத்தை வந்தார். அத்தையைப் பார்த்துக்கொள்ள நான் வந்தேன். வெளியே சொன்ன காரணம் அதுதான். ஏற முடியாவிட்டாலும் அந்தச் சங்கிலிச் சத்தத்தையாவது கேட்டுவிட்டு வரலாம் என்று இருந்தது. குமுளி ஏறி இறங்கி, காலையில் கோயிலை முடித்துவிட்டு பார்க்குக்குப் போய்ச் சேர்ந்தோம்.

மற்றவர்கள் எல்லாம் நேராகத் தண்ணீருக்கு ஓடினார்கள். அது வெறும் குளியல் என்று நான் சொல்லாமலா இருந்தேன்? யாரும் கேட்கவில்லை. பக்கத்து வீட்டுக்காரி ஒருத்தி மட்டும் கோஸ்டரை அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்றாள். தனியாக ஏறப் பயம், ஏறாமல் போகவும் மனசில்லை. நான் அத்தை பக்கம் திரும்பினேன்.

“நான்தான் ஏறக் கூடாது. நீங்க ஏறலாம்ல? எதை எங்கிட்ட இருந்து வாங்கிக் கொடுத்தீகன்னு ஒருக்காத் தெரிஞ்சுக்கங்க அத்தை.”

குத்தலாகத்தான் சொன்னேன். அவர் என் முகத்தைப் பார்த்தார், பிறகு மேலே பார்த்தார். “சரி” என்றார். எனக்கே தூக்கிவாரிப்போட்டது.

பதினாறு வயதிலேயே என் வீட்டுக்காரரைப் பெற்றவர், அறுபதுக்கு அவருக்கு இன்னும் கொஞ்சம் பாக்கி. சுகர், பிரஷர் எதுவும் கிடையாது. களை எடுத்த உடம்பு. வாசலில் இருந்த மலையாளத்துப் பையன், “அம்மச்சி, சேலை பறக்கக் கூடாது கேட்டோ” என்று தயங்கினான். அத்தை வயலில் இறங்குகிற மாதிரி கொசுவத்தைத் தூக்கி இடுப்பில் செருகி, முந்தானையை இரண்டு சுற்றுச் சுற்றி இறுக்கிக் கட்டினார். பையன் சிரித்துக்கொண்டே வழிவிட்டான்.

என் கோபம் எங்கே போனதென்று தெரியவில்லை. கம்பி வேலிக்கு இந்தப் பக்கம் நின்று பாடம் நடத்த ஆரம்பித்துவிட்டேன். “கடைசிப் பெட்டியில உக்காருங்க அத்தை. தலையைச் சாய்ச்சு வையுங்க. மூச்சைப் பிடிக்காதீக. கண்ணை மூடினா எல்லாம் போச்சு, மூடவே கூடாது!” அத்தை தலையை ஆட்டினார். பக்கத்து வீட்டுக்காரி ஏற்கெனவே கண்ணை மூடிவிட்டாள்.

சங்கிலி இழுக்க ஆரம்பித்தது. நான் ஏறும்போதுகூட எனக்கு நெஞ்சு அப்படி அடித்ததில்லை. ஏதாவது ஒன்று ஆகிவிட்டால் வீட்டுக்காரரிடம் என்ன சொல்வேன் என்ற நினைப்பு அப்போதுதான் வந்தது. உச்சியில் ஒரு நொடி நின்ற மாதிரி தெரிந்தது, பிறகு பெட்டிகள் ஒன்றன்பின் ஒன்றாக விழுந்தன. எல்லோரும் கத்தினார்கள். அத்தையின் சத்தம் எது என்று தேடினேன். மேட்டில் ஏறி என் தலைக்கு மேலே கடந்தபோதுதான் முகத்தைப் பார்த்தேன். கத்தவில்லை. கண் இரண்டும் அகலத் திறந்திருந்தன, வாய் நிறையச் சிரிப்பு. அந்த மாதிரி அவர் சிரித்து நான் பார்த்ததே இல்லை.

இறங்கி வந்தவர் கொண்டை அவிழ்ந்து, சேலை கசங்கி நின்றார். தண்ணீர் பாட்டிலை நீட்டினேன். குடிக்கவில்லை.

“இன்னொருக்காப் போலாமா?”

“அவுக வர மாட்டாக அத்தை, அங்கன பாருங்க, உக்காந்துட்டாக.” பக்கத்து வீட்டுக்காரி தலையைப் பிடித்துக்கொண்டு திட்டில் உட்கார்ந்திருந்தாள்.

“நான் போறேன்” என்று சொல்லிவிட்டு வரிசையில் போய் நின்றுகொண்டார். அதற்கப்புறமும் ஒரு தடவை போனார். சாப்பிடக் கூப்பிட்டதற்கு, கூட்டம் குறைவாக இருக்கிற நேரம் இதுதானே என்று எனக்கே சொன்னார். நான் கீழே நின்று எல்லாவற்றையும் பார்த்தேன். பொறாமையாக இருந்தது, சந்தோசமாகவும் இருந்தது, எது அதிகம் என்று கேட்டால் சொல்லத் தெரியாது.

திரும்பும்போது வேனில் மற்றவர்கள் பாட்டுப் பாடிக்கொண்டு வந்தார்கள். வண்டி மலையேற ஆரம்பித்ததும் அத்தை என் காதோரம் வந்து மெதுவாகப் பேசினார்.

“நான் என்னமோ சின்னப்புள்ளைக வெளாட்டுன்னு நெனச்சேன்த்தா. ஏதோ மிட்டாயை விடச் சொல்ற மாதிரி சொல்லிப்புட்டேன். அங்கன இருந்து விழுகயில உங்க மாமா நெனப்பு வரலை, எம்மவன் நெனப்பு வரலை. நான் மட்டும்தான் இருந்தேன். இம்புட்டுப் பெருசையா உன்னை விடச் சொன்னேன்?”

நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். பரவாயில்லை என்று சொல்ல வரவில்லை, பரவாயில்லை என்று இல்லையே. ஆனால் நான் இழந்தது என்னவென்று இந்த உலகத்தில் இன்னொருத்தருக்கும் தெரிந்துவிட்டது, அதுவே பெரிய ஆறுதலாக இருந்தது. கம்பம் திராட்சைத் தோட்டங்கள் வருகிறவரை அப்படியே உட்கார்ந்திருந்தோம்.

ஊருக்கு வந்த பிறகு அத்தையிடம் சின்னச் சின்ன மாற்றம். டிகாஷன் தூக்கலாகப் போடு என்றார். பொங்கலுக்கு எடுத்த சேலை தனக்குப் பிடிக்கவில்லை, மாம்பழக் கலரில் வேண்டும் என்றார். மாற்றிக்கொண்டு வந்தோம். என் செல்போனை வாங்கி உலகத்தில் எங்கெங்கோ ஓடுகிற கோஸ்டர்களைப் பார்ப்பார், எது நல்ல மேடு எது சும்மா பகட்டு என்று இரண்டு பேரும் வாதாடுவோம். தன் அம்மாவையும் கெடுத்துவிட்டேன் என்று இவர் தெருவெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தார். அந்தச் சித்திரைக்கு வீரபாண்டியில் அத்தையை எதில் முதலில் ஏற்றுவது என்று நானே திட்டம் போட்டு வைத்திருந்தேன். ஏற்றிவிட்டுக் கீழே நிற்க எனக்குப் பழகிவிடும் என்று மனசைத் தேற்றிக்கொண்டேன்.

திருவிழா வந்தது. அத்தை முல்லையாற்றில் முங்கிவிட்டு ஈரச்சேலையோடு கோயிலுக்குள் போனார். நான் கும்பிட்டுவிட்டு முன்னாலேயே திடலுக்கு வந்துவிட்டேன். கூட்டத்தில் அவர் வெளியே வர வெகுநேரம் ஆனது. திடலில் மைக் சத்தம் காதைக் கிழித்தது.

“என்ன அத்தை, இம்புட்டு நேரம்?”

“பேச வேண்டியது இருந்துச்சு. உன்னை விட்டுரச் சொல்லிட்டேன்.”

“என்னது?”

“எம்மருமக விட்டது போதும். அதுக்குப் பதிலா நான் விடுறேன், நான் ஏறலைன்னு ஆத்தாகிட்டச் சொல்லிட்டு வந்திருக்கேன். எம்மவன் காலுக்கு இனி நான்தான் பொறுப்பு.”

எனக்கு எங்கிருந்து அவ்வளவு கோபம் வந்ததோ. “யாரைக் கேட்டுச் சொன்னீக? ஒரே ஒரு நாள்தானே ஏறியிருக்கீக? போங்க, உள்ள போயி மாத்திச் சொல்லிட்டு வாங்க!” என்று கத்தினேன். பக்கத்தில் பொரிகடலை வாங்கிக்கொண்டிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். கத்தக் கத்த எனக்கு அழுகை வந்துவிட்டது.

“கத்தாத. இம்புட்டு வருசத்துல இது என்னோடதுன்னு சொல்லி நான் கொண்டுபோயி வச்சது இது ஒண்ணுதான். அதையும் கொடுக்காதன்னு நீ சொல்லக் கூடாது.”

கண்ணைத் துடைத்துக்கொண்டு நின்றேன். அத்தை முந்தானையை முறுக்கிப் பிழிந்து உதறினார்.

“அதுவும் அடுத்த சித்திரை வரைக்கும்தான். கறாராச் சொல்லிட்டேன். எனக்கும் வயசாகுதுல்ல? நீ போ, வெரசாப் போயி வரிசையில நில்லு.”